மேல் வேலை

அம்மாவிடம் பினாங்கைப் பற்றிச் சொல்வதற்கு நான் தேர்ந்தெடுத்த இடம் ஒரு திரையரங்கு. வீட்டிலேயே சொல்லியிருக்கலாம். சோற்றுக்கு உட்காரும்போது சொல்லியிருந்தால் ரசம் ஊற்றுவதற்குள் முடிந்திருக்கும். ஆனால் நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது மனிதர்களுக்கு மனசு கொஞ்சம் இளகியிருக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். எனக்கு அப்படித்தான் ஆகும். அம்மாவுக்கும் ஆகும் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். நான் சிரம்பானை ஒட்டிய செனவாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். பினாங்கில் அதைவிட நல்ல வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள், ரஹாங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் வீட்டைக் காலி செய்கிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். நான் போவது முடிவாகிவிட்டது. அம்மா என்னோடு வருவாரா என்பதுதான் பாக்கி. வராமல் என்ன செய்வார் என்றும் உள்ளுக்குள் ஓர் எண்ணம் இருந்தது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அப்பா நான் நாலாம் ஆண்டு படிக்கும்போது காய்ச்சலில் போய்விட்டார்.

அம்மாவை அழைத்துப் போக வேண்டும் என்று நான் துடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு எங்கள் வீட்டில் மேல் வேலை என்று பெயர்.

அம்மா காலையில் ஒரு பல் கிளினிக்கைக் கூட்டித் துடைக்கப் போவார். ரஹாங்கின் மறுகோடியில், பழைய கடை வீடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில் அது இருக்கிறது. நான்தான் என் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். ஒரு வருஷத்துக்கு முன்னால், புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மத்தியானத்தில் அவர் மறுபடியும் அங்கே போக ஆரம்பித்தார்.

"மேல வேலை இருக்கு" என்பார்.

"மேல என்னம்மா வேலை?"

"மேல வேலைன்னா மேலதான். கூட்டணும், தொடைக்கணும். கேள்வி கேக்காத."

கிளினிக்குக்கு மாடி இருக்கிறது, அதையும் இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் செய்யும் எடுபிடிக் காரியங்களுக்கும் நாம் மேல் வேலை என்றுதானே சொல்கிறோம். வாளியைத் தூக்கிக்கொண்டு அவர் படியேறுவதை நினைத்துக்கொள்வேன். புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர் அவர். ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை போட்ட பிறகு, குனிந்த முதுகோடு உதிரிப் பழம் பொறுக்கியவர். தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டதால் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர். என்னைப் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஆறுக்கும் அதற்கு மேலும் அனுப்பியவர். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் ஆள் நான். அப்படிப்பட்ட நான் இருக்கும்போது என் அம்மா இன்னும் படியேற வேண்டுமா?

மேல் வேலை முடிந்து வரும் நாட்களில் அவர் ஒரு மாதிரியாக இருப்பார். கண் சிவந்திருக்கும். தொலைக்காட்சித் தொடரைப் போட மாட்டார். ஒரு தடவை குழம்புக்கு இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டு, நான் முகம் சுளித்ததைக்கூடக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அலுப்பு, வேறென்ன.

"விட்டுடும்மா அந்த மேல் வேலையை. முட்டி என்னத்துக்காகும்?" என்று கேட்டேன்.

"அத மட்டும் விடச் சொல்லாத" என்றார்.

அன்று இரவு நான் பினாங்குக்கு விண்ணப்பம் போட்டேன்.

திரையரங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதே கடை வரிசையின் பின்சந்தில்தான் அது இருக்கிறது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மழைக்கு ஒதுங்கியபோது கண்டுபிடித்தேன். இரும்புப் படி ஒன்று மேலே போனது. படியின் அடியில் கையால் எழுதிய பலகை. மூன்று கடைகளின் மாடிகளை ஒன்றாக உடைத்து ஒரு கூடமாக்கியிருந்தார்கள். ஒரு வரிசை நாற்காலி எங்கோ மூடிப்போன பெரிய தியேட்டருடையது. இன்னொரு வரிசை பழைய பஸ்ஸின் சீட்டு. சுவரோரம் முடிவெட்டும் கடையின் பெஞ்சு. பத்துப் பேர் வந்தால் அங்கே கூட்டம். நடத்துகிறவர் ஒரு சீன அம்மா. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எப்போதும் ஆண்பிள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய முடி. டிக்கெட் கொடுப்பதும் அவர்தான், படம் ஓட்டுவதும் அவர்தான், விளக்கை அணைப்பதும் அவர்தான்.

முதல் நாள் நான் பார்த்த படத்தில் ஒரு மனிதர் உருளைக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டே இருந்தார். பாட்டு இல்லை, சண்டை இல்லை. கத்தியைக் கையில் எடுத்தவர் எப்போது யாரைக் குத்தப்போகிறார் என்று நான் நாற்காலி நுனியில் காத்திருந்தேன். யாரையும் குத்தவில்லை. கிழங்கை வேகவைத்தார், தின்றார், ஒரு கடிதத்தைப் படித்தார், படம் முடிந்துவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. கீழே இறங்கி மோட்டாரை எடுக்கப் போனவன், எதிர்க்கடையில் ரொட்டி சானாய் போடுகிறவர் மாவை வீசி வீசி விரிப்பதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். தினமும் பார்ப்பதுதான். அன்றைக்கு அதைவிட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அந்த மனிதருக்கு இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிட்டதில்லை.

அங்கே ஒரு விதி உண்டு. கூரை தகரம். மழை கொட்டினால் படத்தில் என்ன பேசினாலும் காதில் விழாது. எனவே மழை வந்தால் அந்த அம்மா படத்தை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுவிடுவார். பிளாஸ்கில் இருந்து தே ஓ, அதாவது பால் கலக்காத தேநீர், ஊற்றிக் கொடுப்பார். மழை விடும்வரை எல்லோரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யாரும் குறை சொல்வதில்லை. சிரம்பானில் பெய்கிற மழைக்கு, ஒரு படத்தைப் பார்த்து முடிக்க அரை நாள் ஆகிவிடுவதும் உண்டு.

இதையெல்லாம் நான் அம்மாவிடம் சொன்னதில்லை. அவர் அதே வரிசையில் குனிந்து துடைத்துக்கொண்டிருக்க, நான் மாடியில் உட்கார்ந்து படம் பார்க்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

அந்த வாரம் போட்டிருந்த படம் என் காரியத்துக்குத் தோதாக இருந்தது. சனிக்கிழமையே பார்த்துவிட்டேன். பனி பெய்கிற ஊர். ஒரு தாய் தன் ஆட்டுக்குட்டியோடு தனியாக இருக்கிறார். ஓர் இளைஞன் வந்து விறகு பிளந்து கொடுக்கிறான், கூரையைச் சரிசெய்கிறான். தனியாக இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இதைப் பார்த்தால் அம்மாவுக்குத் தெரியும். அடியில் ஓடும் ஆங்கில எழுத்தை அவர் காதோடு நான் தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம். படம் முடிந்ததும் பினாங்கை எடுக்கலாம். அம்மா என்ன தடை சொல்வார் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். கோயிலைச் சொல்வார், பினாங்கில் இல்லாத கோயிலா? தோட்டத்து ஆட்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்பார். இப்போது மட்டும் யார் இருக்கிறார்கள்? எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னேன்.

"ம்மா, இன்னிக்கு மேல் வேலைக்கு லீவு சொல்லிடு. உன்னைய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அம்மா முகம் வாடிவிட்டது. "இன்னிக்கா? இன்னிக்கு முடியாதுலா. நாளைக்குப் போவோம்."

"நாளைக்கு எனக்கு வேலை."

"அப்ப அடுத்த வாரம். இன்னிக்கு நான் கண்டிப்பாப் போவணும் தம்பி."

"அப்படி என்னம்மா தலை போற வேலை? ஒரு நாள் தூசி இருந்தா கிளினிக்கு இடிஞ்சா விழுந்துடும்?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்து மோட்டாரில் ஏறினார். மோட்டார் அந்தக் கடை வரிசையை நெருங்கியதும் என் தோளைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது. பின்சந்தில் திருப்பினேன். இரும்புப் படிக்கு முன்னால் நிறுத்தினேன்.

"இங்கேயா?" என்றார் அம்மா.

"பயப்படாத. மேல ஒரு சின்னத் தியேட்டர் இருக்கு. நம்ம படம் மாதிரி இருக்காது. வேற நாட்டுப் படம். நான் சொல்லித் தர்றேன், நீ சும்மா பாரு."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பயந்துவிட்டார் என்றே நினைத்து அவர் கையைப் பிடித்துப் படியேற்றினேன். ஆனால் நாலாவது படியில் ஒரு பலகை ஆடும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அதில் தடுமாறுவார்கள். அம்மா அதைத் தாண்டிக் கால் வைத்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

மேலே சீன அம்மா கதவருகே நின்றிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை.

"அச்சி!" என்றார். இங்கே சீனர்களும் மலாய்க்காரர்களும் நம் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறகு மலாயில் படபடவென்று பொரிந்தார். "ஏன் இவ்வளவு லேட்டு? உனக்காகத்தான் இன்னும் விளக்கை அணைக்காம இருக்கேன்."

"இவன்தான், தவுக்கே. என் மகன். இவன்தான் லேட்டாக்கிட்டான்" என்று அம்மாவும் மலாயில் சொன்னார்.

தவுக்கே என்று அம்மா கூப்பிட்ட அந்த முதலாளியம்மா என்னை அப்போதுதான் பார்த்தார். "இவனா உன் மகன்? சனிக்கிழமைப் பையன்!" என்று கைகொட்டிச் சிரித்தார்.

அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, யாரும் வழிகாட்டாமல் பஸ் சீட்டு வரிசைக்குப் போனார். ஜன்னலோரச் சீட்டில் ஒரு பச்சைத் தலையணை இருந்தது. அது எங்கள் வீட்டுத் தலையணை. தீபாவளிக்குப் பிறகு காணவில்லை என்று நான் வீடு முழுக்கத் தேடியது. அம்மா அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டைத் தட்டினார்.

"உக்காருடா. நின்னா மறைக்கும்."

"ம்மா, இதுவா... மேல வேலை?"

"பின்ன? மேலதானே இருக்கு?"

"கூட்டணும், தொடைக்கணும்னு சொன்னியே!"

"கூட்டுறேன்லா. படம் விட்டதும் கூட்டிட்டுத்தான் வருவேன். பொய்யா சொன்னேன்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "மொதல்ல சும்மா கூட்டத்தான் வந்தேன். தவுக்கே கிளினிக்குல வந்து ஆள் கேட்டுச்சு. கூட்டும்போது படம் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு பொம்பள ரயிலுக்கு நின்னா. ரயில் வரவே இல்ல. வரட்டும், பாத்துட்டுப் போவோம்னு உக்காந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கூட்டப் போனவ சீட்டுல குந்திட்டாளான்னு நீ சிரிப்ப."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளக்கு அணைந்தது. திரையில் பனி பெய்ய ஆரம்பித்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருஷமாக நான் அலுப்பு என்று நினைத்ததெல்லாம் என்ன? சிவந்த கண்? இரண்டு முறை போட்ட உப்பு? இந்த மனுஷியை முட்டிவலியிலிருந்து காப்பாற்றவா நான் பினாங்குக்கு விண்ணப்பம் போட்டேன்?

எழுத்தைப் படித்துச் சொல்லலாம் என்று ஒரு தடவை அவர் காதருகே குனிந்தேன். தலையை விலக்கிக்கொண்டார்.

"சும்மா இரு. நான் பாத்த படம்தான்."

பாதிப் படத்தில் தகரத்தின்மேல் மழை இறங்கியது. முதலாளியம்மா படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். எங்களைத் தவிர ஒரு மலாய்ப் புருஷன் பெண்சாதி மட்டும்தான் இருந்தார்கள். தே ஓ வந்தது. அம்மாவின் குவளையில் மட்டும் பால் ஊற்றியிருந்தது. அதையும் நான் பார்த்தேன்.

"பிடிச்சிருக்கா?" என்று அம்மா என்னிடம் கேட்டார். நான் அவரிடம் கேட்க வைத்திருந்த கேள்வி.

"அவங்க பேசறது உனக்குப் புரியாதேம்மா."

"ஒனக்கு மட்டும் புரியுதா? தவுக்கேக்கும் புரியாது. அதோ அந்த மலாய்க்காரவங்களுக்கும் புரியாது. இங்க வர்றவங்க எல்லாம் என்னைய மாதிரிதான்."

"அடியில எழுத்து ஓடுதுல்ல?"

"அது படிக்கிறவங்களுக்கு. நான் அதுக்கு மேல பாப்பேன்." தேநீரை ஊதிக் குடித்தார். "தோட்டத்து லயத்துல நமக்குப் பக்கத்து வீட்டுல யாரு இருந்தா? இந்தோனேசியாக்காரங்க, புருஷனும் பொண்டாட்டியும். அப்புறம் பங்களாதேஷ்காரனுங்க. அவனுங்க பேச்சு எனக்குத் தெரிஞ்சுதா? பலகைச் செவுத்துக்கு அந்தாண்ட என்னிக்கி சண்ட, என்னிக்கி சமாதானம், யாருக்கு ஊருலேருந்து போன் வரல, எல்லாம் தெரியும். சின்னதுல தோட்டத்துத் திடல்ல படம் போடுவாங்க. கணக்கெழுதுற கிராணி வீட்டாளுங்க நாக்காலி போட்டு முன்னால உக்காந்துக்குவாங்க. நாங்க படத் துணிக்கு அந்தப் பக்கம், புல்லுல. எழுத்து கண்ணாடியில பாத்த மாதிரி திரும்பித் தெரியுதுன்னு படிச்சதுங்க கத்தும். எனக்கு எந்தப் பக்கம் வந்தா என்னா?"

அவ்வளவு நீளமாக என் அம்மா பேசி நான் கேட்டதில்லை. வீட்டில் எங்கள் பேச்சு சாப்பிட்டியா, பூட்டினியா என்பதோடு முடிந்துவிடும்.

"சரி, இந்தப் படத்துல என்ன கதை? சொல்லு பாப்போம்" என்றேன்.

"இதுவா? இது நல்ல படம்டா. அவன் அவ மவன். பட்டணத்துக்குப் போயி ஆத்தாள மறந்துட்டான். அங்க எவளோ பேச்சக் கேட்டுக்கிட்டு இருந்திருப்பான். இப்ப புத்தி வந்து திரும்பியிருக்கான். வாசல்ல நின்னு காலத் தட்டித் தட்டி நிக்கிறான் பாத்தியா? உள்ள வர வெக்கம். அவளும் லேசுப்பட்டவ இல்ல, வாடான்னு கூப்புட மாட்டா. சூப்ப மட்டும் கொண்டாந்து வெப்பா. அவன் வெறகப் பொளக்குறதுதான் மன்னிப்புக் கேக்குறது. போன ஞாயித்துக்கெழம பாத்துட்டு எனக்கு மனசே ஆறல. புதங்கெழமையும் வந்தேன்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் படித்தவனுக்கு எழுத்து தெரியும் அல்லவா.

"இல்லம்மா. அவன் மவன் இல்ல."

"பின்ன யாரு?"

"அவ மவன் செத்துட்டான். ரோட்டுல லாரி அடிச்சுப் போச்சு. இவன்தான் அந்த லாரி டிரைவர்."

அம்மாவின் கையில் குவளை அப்படியே நின்றது. மழை இன்னும் கனத்தது. அவர் என்னவோ கேட்டார், எனக்குக் கேட்கவில்லை. காதைக் கொண்டுபோனேன்.

"அவளுக்குத் தெரியுமா?"

"மொதல் நாளே தெரியும். அவளுக்குத் தெரியும்கிறதுதான் அவனுக்குத் தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டா சூப்பு குடுக்குறா?"

"ஆமா."

அம்மா குவளையைக் கீழே வைத்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்தது அப்பாவைத் தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றுதான். மலாய்ப் பெண் திரும்பிப் பார்த்தார். முதலாளியம்மா பிளாஸ்கோடு வந்து நின்று, "என்ன சொன்னே அவகிட்ட?" என்று என்னை அதட்டினார்.

"ஏன்டா சொன்ன?" என்றார் அம்மா கடைசியில். "எனக்கு ஒரு மவன் திரும்பி வந்திருந்தான்லா. அவனக் கொண்டுபோயி லாரிக்காரனா ஆக்கிட்டியே."

மழை விட்டதும் படம் தொடர்ந்தது. அம்மா காலைத் தொங்கப்போட்டு, முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இளைஞன் கூரையில் ஏறியபோது "எறங்கு" என்று முணுமுணுத்தார். அவள் அவனுக்குக் கம்பளி போர்த்தியபோது "சீ" என்றார். கடைசிக் காட்சியில் அவன் போகக் கிளம்புகிறான், அவள் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள், கதவு மூடுகிறது. விளக்கு வந்தது. மலாய்க்காரர்கள் எழுந்து போனார்கள். அம்மா எழுந்து மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்தார்.

இதைவிட மோசமான நேரம் கிடைக்காது என்று எனக்கே தெரிந்தது. ஆனாலும் மாதக் கடைசிக்கு இன்னும் சில நாட்கள்தான் இருந்தன. அவர் என் காலடியில் கூட்ட வரும்போது காலைத் தூக்கிக்கொண்டே சொன்னேன்.

"ம்மா. எனக்குப் பினாங்குல வேலை கெடச்சிருக்கு. நல்ல வேலை. வீட்ட விட்டுட்டு ரெண்டு பேரும் போயிடலாம்."

துடைப்பம் நின்றது.

"பினாங்கா?"

"ஆமா. அங்க நீ எந்த வேலைக்கும் போக வேணாம்."

"எப்ப கெடச்சுது?"

"போன வாரம்."

"போன வாரமே கெடச்சுதா?" துடைப்பத்தை நாற்காலியில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். எனக்கு எதிர்ச்சீட்டில். "இதச் சொல்லத்தான் படத்துக்குக் கூட்டியாந்தியா?"

"ஆமாம்மா."

கோயிலைச் சொல்வார் என்று காத்திருந்தேன். தோட்டத்து ஆட்களைச் சொல்வார் என்று காத்திருந்தேன். என்னிடம் பதில்கள் வரிசையாக இருந்தன. அம்மா வெள்ளைத் திரையைப் பார்த்தார்.

"கதவ மூடும்போது என்னமோ சொன்னாளே, என்னா அது?"

"எது?"

"அந்தப் பொம்பள. கடைசியா. எழுத்து வந்துச்சுல்ல, நீ படிச்சிருப்ப."

சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். "நாளைக்கு வரும்போது உப்பு வாங்கிட்டு வான்னு சொன்னா."

"உப்பா?"

"உப்பு."

"அவ புள்ளயக் கொன்னவன்கிட்டயா?" அம்மா எழுந்து நின்றுவிட்டார். "நாளைக்கும் வரச் சொல்றாளா? போன தடவையெல்லாம் நான் 'பத்திரமாப் போய்ட்டு வா'ன்னு சொல்றான்னுல நெனச்சேன். உப்பு வாங்கியாரச் சொல்லிருக்கா பாவி." சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானை முகத்தை மறைத்தது. பிறகு முதலாளியம்மாவைப் பார்த்து மலாயில் உரக்கக் கேட்டார். "தவுக்கே! இந்தப் படம் இன்னும் எத்தனை நாளைக்கு?"

"அடுத்த ஞாயிறு வரைக்கும். ஏன்?"

அம்மா என் பக்கம் திரும்பினார். "நான் வரல தம்பி."

"எங்க வரல?"

"பினாங்குக்கு."

"ம்மா, படத்துக்காகவா? பினாங்குலயும் படம் இருக்கும்மா. இதவிடப் பெரிய தியேட்டரு..."

"பெரிய தியேட்டர வெச்சு நான் என்னா பண்றது?" அம்மாவின் குரலில் கோபம் இல்லை, எனக்குப் புரிய வேண்டுமே என்ற பொறுமைதான் இருந்தது. "தெரியாத்தனமா ஒருத்தன் செஞ்சிட்டு வந்து வாசல்ல நிக்கிறான். அவன உள்ள விடலாமா வேணாமான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அதுக்குள்ள வீட்டக் காலி பண்ணுன்னா எப்படி? புதங்கெழமை ஒரு தடவ பாக்கணும். ஞாயித்துக்கெழமை ஒரு தடவ பாக்கணும். அதுக்கு அடுத்தாப்புல என்னமோ கடலு படம் வருதாம், தவுக்கே சொல்லுச்சு. நீ போய்ட்டு வா. நல்லா இரு. எனக்கு இங்க வேல கெடக்கு."

இப்படி ஒரு காரணத்தை நான் யோசித்து வைக்கவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை. என் அம்மாவுக்கு நான்தான் உலகம் என்று எனக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டதுதான்.

"தனியா எப்படிம்மா இருப்ப? காலையில யாரு உன்னைய இங்க கொண்டாந்து விடுவா? இவ்வளவு தூரம் நடந்தா முட்டி..."

"அத யோசிச்சிட்டேன்" என்றார் அம்மா, துடைப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு. "நீ பஸ்ஸுல போ. மோட்டார விட்டுட்டுப் போ."

"மோட்டாரா? யாரு ஓட்டுறது?"

"தவுக்கே தன் மோட்டாருல ரெண்டு மாசமாக் கத்துக் குடுக்குது. பின்சந்துல. மூணாவது கியருதான் இன்னும் கொஞ்சம் இடிக்கிது."

நான் முதலாளியம்மாவைப் பார்த்தேன். தமிழ் தெரியாதவர். ஆனால் மோட்டார் என்ற சொல் அவருக்குப் புரிந்திருக்கிறது. இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு ஹேண்டில்பாரைப் பிடித்து, அம்மா அதை முறுக்குகிற விதத்தைச் செய்துகாட்டி, கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். அம்மா துடைப்பத்தை அவர் பக்கம் ஓங்கினார். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"சாவியக் குடு" என்றார் அம்மா. "வீட்டுக்கு நான் ஓட்டுறேன். நீ பின்னால ஏறிக்க."